1800ஆம் ஆண்டு நியூயார்க்கில் அதிபரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் 1800ஆம் ஆண்டு அதிபர் தேர்தலைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் கடைசிக் கட்டத்தையே எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு வாக்குகள் போட்டதால், ஒரே கட்சியைச் சேர்ந்த தாமஸ் ஜெஃபர்சனும் ஆரன் பரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றதும், 1801 பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெஃபர்சன் தேர்வானதும் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். ஆனால் அந்தத் தேர்தலின் போக்கு அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, நியூயார்க் என்ற ஒரே மாநிலத்தில், அதிலும் ஒரே நகரத்தில், ஏப்ரல் 29, 30, மே 1 ஆகிய மூன்று நாள்களில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்பது என் எண்ணம். அதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அந்த மூன்று நாள்களில் நியூயார்க் நகரத்தார் அதிபர் பதவிக்கு வாக்களிக்கவில்லை. வாக்குச்சீட்டில் ஜெஃபர்சன் பெயரும் இல்லை, அவரை எதிர்த்து நின்ற அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸ் பெயரும் இல்லை. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான பேரவைக்கு நகரத்தின் சார்பில் 13 உறுப்பினர்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டமன்றம் நவம்பரில் ஆல்பனியில் கூடி 12 தேர்வாளர்களை நியமிக்கும்; அந்தப் பன்னிருவர் டிசம்பரில் அதிபருக்கு வாக்களிப்பார்கள். சட்டமன்றப் பெரும்பான்மை எந்தக் கட்சியிடம் இருக்கிறதோ அந்தக் கட்சிக்கே பன்னிரண்டும் மொத்தமாகப் போய்ச் சேரும். நகரத்துக்கு வெளியே இரு கட்சிகளும் ஏறத்தாழச் சம பலத்தில் இருந்தமையால், நகரத்தின் 13 இடங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கமே சட்டமன்றமும் சாயும் என்பதை இரு தரப்பாரும் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தனர். நகரத் தேர்தல் தம் கட்சிக்குச் சாதகமானால் அதிபர் தேர்தலும் சாதகமாகும் என்று 1800 மார்ச்சிலேயே ஜெஃபர்சன் தம் கட்சி நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதியிருக்கிறார்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1796இல் ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. அந்த 71இல் நியூயார்க்கின் பன்னிரண்டும் அடக்கம். 1800இல் ஜெஃபர்சன் 73, ஆடம்ஸ் 65. நியூயார்க்கின் பன்னிரண்டை இடம் மாற்றி வைத்தால் ஆடம்ஸ் 77, ஜெஃபர்சன் 61. இரண்டு தேர்தல்களிலும் நியூயார்க்கைப் பெற்றவரே அதிபர் ஆனார்.

ஆகவே என் கேள்வி இதுதான். ஒரு நகரத்தின் சில வார்டுகளில் வாழ்ந்த வாடகைக் குடியிருப்பாளர்களும் கைவினைஞர்களும், அதிபர் பதவிக்கென்று நேரடியாக ஒரு வாக்கும் போடாமல் ஒரு நாட்டின் அதிபரைத் தீர்மானித்தார்கள் என்று சொல்வது சரியா?

ஏரிக்கரை

நல்ல தொடக்கம், நெடுவழி அவர்களே. இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, மக்கள் நேரடியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்காமல் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது அரசியலமைப்புக்கு ஒத்ததா? இரண்டாவது, நியூயார்க்கின் மேலவையான செனட்டில் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்ததாகப் படித்திருக்கிறேன். அப்படியானால் பேரவையை மட்டும் கைப்பற்றி எதிர்க்கட்சி எப்படிப் பன்னிரண்டையும் பெற்றது?

நெடுவழி

முதல் ஐயத்துக்கு விடை எளிது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் வகுக்கும் முறைப்படி தேர்வாளர்களை நியமிக்கலாம் என்றுதான் அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு கூறுகிறது. 1800இல் மொத்தமிருந்த 16 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் சட்டமன்றமே நியமித்தது. முறையை மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. 1796இல் மாவட்ட வாரியாகத் தேர்ந்தெடுத்ததால் வர்ஜீனியாவின் ஒரு வாக்கு ஆடம்ஸுக்குப் போயிற்று. 1800 ஜனவரியில் அம்மாநிலம் மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று மாற்றி, 21 வாக்குகளையும் ஜெஃபர்சனுக்கு உறுதி செய்துகொண்டது. மறுபக்கத்தில், ஆடம்ஸின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸ் மக்களிடமிருந்து தேர்வை எடுத்துச் சட்டமன்றத்திடம் ஒப்படைத்தது. இரு கட்சிகளும் தத்தமக்கு வசதியான இடத்தில் விதியை வளைத்தன.

இரண்டாவது ஐயம்தான் முக்கியமானது. நியூயார்க்கில் இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால், உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து வாக்களித்துத் தேர்வாளர்களை முடிவு செய்தார்கள். பேரவை உறுப்பினர் எண்ணிக்கை செனட்டைவிடப் பெரிது. எனவே பேரவையில் கிடைத்த பெரும்பான்மை செனட்டின் பெரும்பான்மையை மூழ்கடித்துவிட்டது. இந்தக் கூட்டு வாக்கெடுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1789ஆம் ஆண்டே சான்று. முதல் அதிபர் தேர்தலில், தனக்கும் சமமான அதிகாரம் வேண்டும் என்று செனட் பிடிவாதம் பிடித்தது, பேரவை விட்டுக்கொடுக்கவில்லை, கடைசியில் நியூயார்க் ஒரு தேர்வாளரைக்கூட நியமிக்காமல் போயிற்று. ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் வால் தெருவில் நின்று பதவியேற்றபோது, அந்த மாநிலத்தின் ஒரு வாக்கும் அவருக்கு விழுந்திருக்கவில்லை. சரியாக 11 ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 30 அன்று, அதே நகரத்தார் வாக்குச்சாவடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பழுப்பேடு

வாடகைக் குடியிருப்பாளர் என்று நெடுவழி சொன்னதை நான் வலுப்படுத்த விரும்புகிறேன். 1777ஆம் ஆண்டின் நியூயார்க் அரசியலமைப்பில் இரண்டு வகையான வாக்குரிமை இருந்தது. ஆளுநரையும் செனட்டையும் தேர்ந்தெடுக்க 100 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் வேண்டும். பேரவைக்கோ 20 பவுண்டு மதிப்புள்ள நிலம் போதும். அதுவும் இல்லையென்றால், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வாடகையில் குடியிருந்து வரி கட்டியிருந்தாலே போதும். ஆகவே தச்சர், கப்பல் கட்டுபவர், வண்டியோட்டி, தையற்காரர் எனச் சொந்த வீடில்லாத பலரும் பேரவைத் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. ஆளுநரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர் என்று சட்டம் ஒதுக்கிய அதே மனிதர், பேரவை வழியாக நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு பெற்றார். கூட்டு வாக்கெடுப்பு விதியும் 40 ஷில்லிங் விதியும் தனித்தனியாக எழுதப்பட்டவை. இரண்டும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை முதலில் முழுமையாகக் கண்டுகொண்டவர் ஆரன் பர்.

அவர் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு, 1799இல், அவருடைய கட்சி நகரத்தில் படுதோல்வி அடைந்திருந்தது. அவரும் தம் பேரவை இடத்தை இழந்தார். 1800இல் அவர் தம் பட்டியலை வெளியிடாமல் காத்திருந்தார். அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமையில் ஃபெடரலிஸ்ட் தரப்பு வெளியிட்ட பட்டியலில் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே யாரும் அறியாத சிறு வணிகர்களும் தொழிலாளர்களுமே இருந்தனர். அதன் பிறகே பர் தம் பட்டியலை வெளியிட்டார். அதில் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் கிளிண்டன் இருந்தார். விடுதலைப் போரில் சரட்டோகா வெற்றியின் தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் இருந்தார். வாஷிங்டன் ஆட்சியில் அஞ்சல்துறைத் தலைவராக இருந்த சாமுவேல் ஆஸ்குட், செல்வாக்கு மிக்க குடும்பத்தைச் சேர்ந்த ப்ரோக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் ஆகியோரும் இருந்தனர். முதுமையும் உடல்நலக் குறைவும் காரணமாகக் கிளிண்டன் மறுத்தார். பிரசாரத்துக்கு வர வேண்டாம், பெயர் வந்ததை மறுக்காமல் இருந்தால் போதும் என்று பர் அவரைச் சம்மதிக்க வைத்தார். பர் தாம் மட்டும் ஆரஞ்சு மாவட்டத்தில் போட்டியிட்டார். அதனால் நகரத்தில் மற்றவர்களுக்காக முழு நேரமும் அலைய முடிந்தது.

வாக்காளர்களின் பட்டியல் வார்டு வாரியாகத் தயாரிக்கப்பட்டது. ஒவ்வொருவரின் கட்சிச் சார்பு என்ன, பணம் தரக்கூடியவரா, உழைப்பு தரக்கூடியவரா என்றெல்லாம் குறிக்கப்பட்டது. ஜெர்மன் மொழி பேசுவோரிடம் ஜெர்மன் மொழியிலேயே பேசுவோர் அனுப்பப்பட்டனர். பரின் வீடு வாரக்கணக்கில் எல்லோருக்கும் திறந்திருந்தது. மேசை மேல் எப்போதும் உணவு இருந்தது. வேலை செய்து களைத்தவர்கள் சற்றுக் கண்ணயர அறைகளில் மெத்தைகள் விரிக்கப்பட்டிருந்தன. குழுக்கள் இரவும் பகலும் கூடின என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு கிடைக்கிறது. அந்த மெத்தைகளை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஏதோ பழங்கால நிகழ்ச்சி என்று தோன்றுவதே இல்லை.

முடிவில் 13 இடங்களும் பரின் பட்டியலுக்கே கிடைத்தன. வெற்றி வித்தியாசம் சில நூறு வாக்குகள். ஏழைகள் மிகுந்த ஆறாவது, ஏழாவது வார்டுகளே அதைத் தந்தன.

மைக்கூடு

தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு மறுப்பைப் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை. நியூயார்க்கின் வாடகைக் குடியிருப்பாளர்களே அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லும்போது, ஓர் ஆளாகவே எண்ணப்படாத மனிதர்களை நாம் மறந்துவிடுகிறோம். அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தென் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளும் தேர்வாளர்களும் ஒதுக்கப்பட்டனர். வாக்குரிமையே இல்லாத அந்த மனிதர்களின் தலைக்கணக்கால் ஜெஃபர்சன் தரப்புக்கு ஏறத்தாழ ஒரு டஜன் தேர்வாளர்கள் கூடுதலாகக் கிடைத்தனர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். வித்தியாசமோ எட்டு. அந்தக் கூடுதல் இல்லையென்றால், நியூயார்க்கில் பர் வென்றிருந்தாலும் ஆடம்ஸே மீண்டும் அதிபராகியிருப்பார்.

நியூயார்க்கும் இதற்கு வெளியே நிற்கவில்லை. 1800இல் அந்த மாநிலத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அடிமைகளாக இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய சட்டம், 1799 ஜூலை 4க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே விடுதலை தந்தது. அதுவும் ஆண்கள் 28 வயது வரையிலும் பெண்கள் 25 வயது வரையிலும் தாயின் எசமானருக்கு உழைத்துத் தீர்த்த பிறகுதான். பரின் வீட்டு மேசைக்கு உணவு கொண்டுவந்து வைத்தவர்கள் யார் என்று நான் கேட்பேன்.

இன்னொன்று. பென்சில்வேனியாவில் இரு அவைகளும் மோதிக்கொண்டு, இறுதியில் 8க்கு 7 என்று தேர்வாளர்களைப் பங்கிட்டுக்கொண்டன. தெற்குக் கரோலினாவின் எட்டு வாக்குகள் டிசம்பர் வரை உறுதியாகவில்லை. மே மாதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்பது மிகைக்கூற்று.

நெடுவழி

மைக்கூடு சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். என் தொடக்கப் பதிவில் அது இருந்திருக்க வேண்டும். ஐந்தில் மூன்று கணக்கு இல்லையென்றால் நியூயார்க் வெற்றி போதாது. நியூயார்க் இல்லையென்றால் ஐந்தில் மூன்று கணக்கும் போதாது. 1796இல் அந்தக் கணக்கு இருந்தும் ஜெஃபர்சன் தோற்றது இதற்குச் சான்று. "ஏறக்குறைய முடிவாகிவிட்டது" என்ற என் சொற்களையும் திருத்திக்கொள்கிறேன். தெற்குக் கரோலினா ஆடம்ஸ் பக்கம் போயிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது கணக்கே. ஆயினும் நியூயார்க் செய்தி வந்ததும் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் இரு கட்சிகளும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், அதன் எடையை அவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பது விளங்கும். ஒரே வாரத்துக்குள் ஜெஃபர்சனின் குடியரசுக் கட்சியார் கூடிப் பரைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார்கள் (இந்தப் பெயருக்கும் இன்றைய குடியரசுக் கட்சிக்கும் தொடர்பில்லை என்பதைப் புதியவர்கள் கவனத்தில் கொள்க). ஆடம்ஸோ தம் போர்த்துறைச் செயலர் மெக்ஹென்றியை அழைத்து, நியூயார்க் தோல்விக்கு ஹாமில்டனே காரணம் என்று கொதித்துப் பேசினார். மெக்ஹென்றி பதவி விலகினார். அடுத்த சில நாள்களில் வெளியுறவுச் செயலர் பிக்கரிங் நீக்கப்பட்டார்.

ஏரிக்கரை

ஹாமில்டனைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். தோல்விக்குப் பின் அவர் ஆளுநர் ஜான் ஜேக்கு ஒரு கடிதம் எழுதினார் அல்லவா? மாவட்ட வாரியாக மக்களே தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதானே அதில் கேட்டார்? உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தால் அது மக்களாட்சிக்கு நெருக்கமான முறை. அதை ஜே மறுத்ததை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மக்களுக்கு நேரடி வாக்கு கிடைத்திருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு, யார் கேட்டார் என்பதற்காக மறுக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழுப்பேடு

ஏரிக்கரை அவர்களே, இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. நாள் 1800 மே 7. வாக்குப்பதிவு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதிய சட்டமன்றத்தின் காலம் ஜூலை 1 அன்றுதான் தொடங்கும். அதுவரை பழைய சட்டமன்றம் உயிரோடு இருக்கிறது. அதில் ஃபெடரலிஸ்ட் கட்சிக்குப் பெரும்பான்மை. அதை உடனே கூட்டி, தேர்வாளர்களை மாவட்ட வாரியாக மக்கள் தேர்ந்தெடுக்கும்படி விதியை மாற்றிவிட வேண்டும் என்பது ஹாமில்டனின் வேண்டுகோள். இத்தகைய காலத்தில் மிகையாக மனச்சாட்சி பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது என்கிறார். சமயத்தில் நாத்திகரும் அரசியலில் வெறியருமான ஒருவர் நாட்டின் சுக்கானைப் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று ஜெஃபர்சனைக் குறிப்பிடுகிறார்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் இதையும் பாருங்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், தேர்தலுக்கு முன், மாவட்ட வாரியான தேர்வைக் குடியரசுக் கட்சியார் சட்டமன்றத்தில் முன்மொழிந்தார்கள். நகரத்தில் தாங்கள் தோற்போம் என்ற அச்சத்தில் அவர்கள் கேட்டார்கள். தாங்கள் வெல்வோம் என்ற நம்பிக்கையில் ஃபெடரலிஸ்ட் கட்சியார் அதைத் தோற்கடித்தார்கள். மார்ச்சில் வேண்டாம் என்று தள்ளியதை மே மாதத்தில், வாக்குகள் எண்ணப்பட்ட பிறகு, வேண்டும் என்று கேட்பதுதான் சிக்கல். அந்த வாடகைக் குடியிருப்பாளர்கள் மூன்று நாள்கள் வரிசையில் நின்று போட்ட வாக்குக்கு ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருளை வாக்குப் போட்ட பிறகு மாற்றச் சொன்னார் ஹாமில்டன். முறை நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு.

ஜே அந்தக் கடிதத்தின் மீது ஒரு வரி எழுதி எடுத்து வைத்துவிட்டார். கட்சி நோக்கத்துக்காக முன்மொழியப்படும் ஒரு நடவடிக்கை, அதை ஏற்பது தமக்குத் தகாது என்று கருதுவதாக அந்த வரி சொல்கிறது. அவர் இறந்த பிறகு அவருடைய தாள்களுக்கிடையே அது கிடைத்தது. கூட்டம் கூட்டவில்லை, ஊரறியப் பேசவில்லை. அவரும் அதே கட்சிக்காரர். கிளிண்டனை வென்று ஆளுநராக விரும்பியவர். ஹாமில்டனோடு சேர்ந்து அரசியலமைப்புக்காகக் கட்டுரைகள் எழுதியவர். தம் கட்சி நாட்டின் ஆட்சியை இழக்கும் என்று தெரிந்தே அவர் அப்படிச் செய்தார்.

மைக்கூடு

ஹாமில்டன் கேட்டது நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிக்கையில் பார்ப்பது நல்லது. பன்னிரண்டில் நான்கு மாவட்டங்கள் ஆடம்ஸுக்குக் கிடைத்திருந்தால் இருவரும் 69க்கு 69. ஐந்து கிடைத்திருந்தால் ஆடம்ஸ் 70, ஜெஃபர்சன் 68. மொத்தத் தேர்வாளர்கள் 138 பேர். பெரும்பான்மைக்கு 70 தேவை. அதாவது பன்னிரண்டில் ஐந்து போதும். மாநிலத்தின் வடக்கிலும் மேற்கிலும் ஃபெடரலிஸ்ட் கட்சிக்கு இருந்த பலத்தை நோக்கினால் ஐந்து என்பது எட்டாத எண் அல்ல. ஜேயின் அந்த ஒற்றை வரி அவ்வளவு எடை கொண்டது.

ஏரிக்கரை

மார்ச் மாதத்து வாக்கெடுப்பை நான் அறிந்திருக்கவில்லை. அது என் வாதத்தின் பெரும் பகுதியைக் குலைத்துவிடுகிறது. ஜே செய்தது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது? 1799இல் குடிநீர் நிறுவனம் என்ற பெயரில் அவர் ஒரு வங்கியைத் தொடங்கியதை மறைத்துவிட்டு மெத்தைகளை மட்டும் பேசுவது முறையாகாது.

பழுப்பேடு

மறைக்கும் எண்ணம் இல்லை. 1798இல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தில் ஏராளமானோரைக் கொன்றது. நல்ல தண்ணீர் வேண்டும் என்று எல்லோரும் கேட்டனர்; தொடக்கத்தில் ஹாமில்டனே அந்த முயற்சிக்குத் துணை நின்றார். மன்ஹாட்டன் கம்பெனிக்கான உரிமச் சட்டத்தில், குடிநீர்ப் பணிக்குப் போக மீதமுள்ள மூலதனத்தைச் சட்டத்துக்கு முரணாகாத எந்த வணிகத்திலும் ஈடுபடுத்தலாம் என்ற ஒரு பிரிவைப் பர் சேர்த்தார். இருபது லட்சம் டாலர் வரை மூலதனம் திரட்ட அனுமதி. 1799 செப்டம்பரில் வால் தெரு 40ஆம் எண் கட்டடத்தில் வங்கி திறக்கப்பட்டது. துளையிட்ட மரத்தடிகளைக் குழாய்களாகப் புதைத்துக் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்தார்கள். நகரத்துக்குப் போதிய தண்ணீர் பல பத்தாண்டுகள் வரை வரவில்லை. காய்ச்சலில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி வாங்கிய உரிமத்தை இப்படிப் பயன்படுத்தியது பெரிய நம்பிக்கை மோசடி என்பதே என் கருத்து. 1799 தோல்விக்கு அந்த வங்கியின் மீதான கோபமும் ஒரு காரணம்.

ஆனால் அதற்கு முன் நகரத்தில் இருந்த இரண்டு வங்கிகளும் ஃபெடரலிஸ்ட் கட்சியார் கையில் இருந்தன. மாற்றுக் கட்சியைச் சேர்ந்த வணிகருக்குக் கடன் எளிதாகக் கிடைப்பதில்லை என்ற மனக்குறை இருந்தது. மூன்றாவது வங்கி வந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. பரின் குற்றத்தையும் பரின் திறமையையும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை; இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

நெடுவழி

இறுதியாக ஒரு தகவலைச் சேர்க்கிறேன்; மாவட்ட முறை என்ன ஆயிற்று என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். நியூயார்க்கில் சட்டமன்றமே தேர்வாளர்களை நியமிக்கும் முறை 1824 வரை நீடித்தது. 1828இல்தான் மக்கள் மாவட்ட வாரியாக வாக்களித்தார்கள். 36 வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 20, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 16 என்று பிரிந்தது. வாக்குகள் இப்படிப் பிரிவது மாநிலத்தின் பேர வலிமையைக் குறைக்கும் என்று கண்டதும், அடுத்த தேர்தலிலேயே மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று மாற்றிவிட்டார்கள். 40 ஷில்லிங் விதியும் அதற்குள் போய்விட்டது. 1821ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநாடு வெள்ளையருக்கான சொத்துத் தகுதியைப் பெரிதும் தளர்த்தியது. அதே மாநாடு, 1777 விதிப்படி சொத்து இருந்தால் வாக்களிக்க முடிந்த சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று புதிதாகத் தடை போட்டது. மைக்கூடு எழுப்பிய கேள்வியிலிருந்து அந்த மாநாட்டைப் பற்றி ஒரு தனி இழை தொடங்கலாம். அவரே தொடங்கினால் மகிழ்வேன்.